பக்கத்துக் கொட்டு கேட்கிறதா?

பிள்ளைகளே,

போன மாதம் சுரபி நதிக்கரைத் தென்னந்தோப்பில் நீங்கள் ஒன்பது பேர் கூடி அடித்ததை வரப்பில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். பறை இரண்டு, உறுமி ஒன்று, தவில் ஒன்று, கஞ்சிரா ஒன்று, குமுளியிலிருந்து வந்த தம்பியின் செண்டை ஒன்று, ஆப்பிரிக்க ஜெம்பே இரண்டு, ஏறி உட்கார்ந்து அடிக்கிற கஹோன் பெட்டி ஒன்று. குச்சனூரில் இப்படி ஒரு செட்டு சேரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனைக் கும்பிட வருகிற கூட்டத்துக்கு நடுவே ஐம்பது வருஷம் கொட்டியவன் நான். என் காலத்தில் பறை ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நிழலில் நின்றதில்லை. நீங்கள் நின்றீர்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முடிந்ததும் "எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டீர்கள். "கை நல்லா இருக்குப்பா, மிச்சத்தை எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்சம் இதுதான். உங்கள் கையில் குறையில்லை, காதில்தான் குறை. ஒன்பது பேரும் அவரவர் அடியை மட்டுமே கேட்டுக்கொண்டு அடிக்கிறீர்கள். கீழே நான் எழுதியிருப்பது எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தக் காதைப் பற்றித்தான்.

1. கருவியை எடுத்த உடனே அடிக்காதீர்கள். முதலில் தோலைக் கேளுங்கள்.

ஆடி மாதம் நம் பள்ளத்தாக்கில் காற்றும் சாரலும் சேர்ந்தே வரும். மேற்கு மலை விடிந்தும் தெரியாது. ராத்திரி ஆணியில் மாட்டிய பறை காலையில் தொளதொளவென்று கிடக்கும். தட்டினால் 'தொப்' என்று ஈரச்சாக்கைத் தட்டியதுபோல் விழும். என் அப்பா வைக்கோலை ஒரு பிடி திரித்துக் கொளுத்துவார். பறையின் முகத்தைத் தீயின் மேல் சாய்த்துப் பிடித்து, வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருப்பார். ஓரிடத்தில் நிறுத்தினால் தோல் பொசுங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். 'தொப்' மெல்ல 'தம்' ஆகும். 'தம்' ஒரு கட்டத்தில் 'டங்' என்று தெறிக்கும். அந்தக் கணத்தில் தீயை விட்டுத் தூக்கிவிட வேண்டும். அதற்கு மேல் காய்ச்சினால் தகரம் மாதிரிக் கத்தும். ஊர்வலத்தின் நடுவில் கிழியும். நான் தீயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னது: "கண்ணால பாக்காதடா, காதால பாரு."

கஞ்சிராவுக்கு இது தலைகீழ். அதன் தோலுக்கு உள்பக்கம் துளி நீர் தெளித்து இறக்கினால்தான் அடியில் அந்தக் கும்மென்ற நாதம் வரும். சாரல் நாளில் பறைக்குத் தீயைக் காட்டுகிற நேரத்தில், கஞ்சிரா வைத்திருக்கிற தங்கச்சி தண்ணீரைக் குறைத்துத் தெளிக்க வேண்டும். ஜெம்பேக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். செண்டைக்கும் அப்படித்தான். ஆக, ஒரே காலையில் ஒரே காற்று ஒன்பது கருவியை ஒன்பது விதமாகக் கெடுக்கும். எல்லாம் ஒன்றுசேர்ந்து அரை மணி நேரம் சுருதி கூட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். பைபர் முகம் போட்ட பறைக்குத் தீ வேண்டாம், மழைக்கும் அசையாது என்று சொல்வார்கள். உண்மைதான், மழைநாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழகுவது தோலில் பழகுங்கள். தோல் ஒவ்வொரு நாளும் வேறாக இருப்பதால், ஒவ்வொரு நாளும் உங்களைக் கேட்க வைக்கும்.

2. செட்டில் ஒத்தையடி பிடிக்கிறவரே பெரியவர்.

ஜெம்பே வாசிக்கிற இளைய தம்பிக்கு இதை எழுதுகிறேன். உனக்கு வேகம் இருக்கிறது. அன்றைக்கு நீ அடித்த வேகத்தில் பறை எங்கே இருக்கிறது என்று உறுமிக்காரனுக்கே தெரியவில்லை. அடுத்த ஒத்திகையில் ஒரு மணி நேரம் நீ ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும். சுற்றுக்கு ஒன்று. நடு முகத்தில், உள்ளங்கை முழுக்கப் பதிய, அடித்தொனி மட்டும். மற்ற எட்டுப் பேரும் உன்மேல் ஏறி விளையாடட்டும். முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும். அப்புறம் கை பதறும். அரை மணிக்கு மேல், எட்டுப் பேரும் உன் ஒரு அடிக்காகக் காத்திருப்பது உன் முதுகுத்தண்டில் தெரியும். அன்றைக்கு நீ கொட்டுக்காரன்.

ஜெம்பேயின் சொந்த ஊரான மாலி, கினி பக்கத்திலும் இதுதான் முறை. அங்கே ஜெம்பே தனியாக வராது. டுண்டுன் என்கிற பெரிய பீப்பாய் மேளங்கள் கூட வரும். குச்சியால் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த மேளக்காரர்கள்தான். அவர்கள் நிறுத்தினால் ஜெம்பேக்காரர் எவ்வளவு பெரிய ஆளானாலும் நிற்க வேண்டியதுதான். கியூபாவில் இரண்டு சின்ன மரக்கட்டை. கிளாவே என்பார்கள். சுற்றுக்கு ஐந்து தட்டு, அவ்வளவே. அதை ஒட்டித்தான் காங்கோ டிரம்முகள் எல்லாம் நடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உருட்டுச் செண்டைக்குப் பின்னால் வீக்கன் செண்டையும் இலத்தாளமும் வரிசையாக நிற்கும். கைதட்டல் முன்வரிசைக்குப் போகும். கூட்டத்தைத் தாங்குவது பின்வரிசை. குமுளித் தம்பியைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.

3. வாயால் சொல்ல வராததைக் கையில் எடுக்காதீர்கள்.

உங்களில் தவிலும் கஞ்சிராவும் படித்தவர்களுக்குச் சொற்கட்டு தெரியும். பறை அடிக்கிற பிள்ளைகள் கேட்டுப் பழகியவர்கள். ஜெம்பே தம்பிகள் போனில் பார்த்துப் பழகியவர்கள். மூன்று பேரும் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பேச்சு வேண்டாமா? சொற்கட்டுதான் அது. தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. இதற்கு ராகம் வேண்டாம், புத்தகம் வேண்டாம், ஜாதி வேண்டாம்.

தினமும் இதைச் செய்யுங்கள். பாதிப் பேர் தகிட, பாதிப் பேர் தகதிமி. ஒரே நடையில் சேர்ந்து தொடங்குங்கள். தகிட நான்கு முறை முடிகிறபோது தகதிமி மூன்று முறை முடிந்திருக்கும். பன்னிரண்டில் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பீர்கள். அந்தச் சந்திப்பில் மட்டும் எல்லோரும் ஒரு கைதட்டு. அது பழகியபின் ஐந்தையும் நான்கையும் விடுங்கள், இருபதில் சந்திக்கும். பிறகு ஏழும் நான்கும்; இருபத்தெட்டு. சந்திக்கிற வரைக்கும் பக்கத்து ஆள் உங்களை இழுப்பார். இழுபடாமல், காதையும் பொத்திக்கொள்ளாமல், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே உங்களுடையதைச் சொல்ல வேண்டும். செட்டு என்பதன் முழுப் பாடமும் இந்தப் பயிற்சிக்குள் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கத் தாளங்களின் உயிரும் இந்த மூன்றும் நான்கும் ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில்தான் இருக்கிறது. அதனால் தகிட சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஊர்த் தாளம் பாதி தூரம் நடந்து வந்துவிடும்.

4. சும்மா இருக்கப் பழகுங்கள்.

பண்ணைப்புரம் நமக்கு எட்டாத ஊரா? அங்கே 1943ல் பிறந்த இளையராஜாவின் பாட்டுகளில் தவிலும் உறுமியும் பறையும் வருகிற பாட்டாகப் பத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டு எங்கே ஒலிக்கிறது என்று கேட்காதீர்கள், எங்கே ஒலிக்காமல் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். அந்த இடைவெளிதான் அடுத்த அடிக்கு அவ்வளவு பலம் கொடுக்கிறது. அன்றைக்குத் தோப்பில் நாற்பது நிமிடத்தில் உங்களில் ஒருவர்கூட ஒரு சுற்று முழுக்கக் கையை மடியில் வைத்திருக்கவில்லை.

5. அடிக்கும்போது கருவியைப் பார்க்க வேண்டாம். எதிரே நிற்பவர் தோளைப் பாருங்கள். அடி அவர் கைக்கு வருமுன் தோளுக்கு வந்துவிடும்.

6. கேள்வி பதில் அடிக்கும்போது சண்டை போடாதீர்கள்.

கச்சேரியில் தனியாவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். அதில் குறைப்பு என்று ஒரு கட்டம் வரும். மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் வாசிக்கும், கஞ்சிராவோ கடமோ இரண்டு ஆவர்த்தனம் பதில் சொல்லும். அப்புறம் ஒன்றுக்கு ஒன்று. பிறகு அரைக்கு அரை, காலுக்குக் கால். குறையக் குறைய இரண்டு பேரும் நெருங்கி, கடைசியில் ஒரே மூச்சாகி, மோரா, கோர்வை என்று சேர்ந்தே முடிப்பார்கள். கவனித்தால், பதில் சொல்கிறவர் முதலில் எதிராளி வாசித்ததன் வாலைப் பிடிப்பார்; அதன் பிறகுதான் தன் சரக்கைச் சேர்ப்பார். கேட்காதவனால் வாலைப் பிடிக்க முடியாது.

கேரளத்துச் செண்டைக்காரர்களின் பஞ்சாரி மேளமும் இந்தக் குறைப்பு வழியில்தான் நடக்கிறது. முதல் காலத்தில் சுற்றுக்கு 96 அட்சரம். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் நின்று அடிக்கிறபோதுகூட ஒருத்தரும் முந்துவதில்லை. 96ல் நின்று நிதானமாக நடக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் 6ல் பறக்கிற தகுதி. நீங்கள் ஆரம்பமே 6ல் ஆரம்பித்தீர்கள். மேலே போக இடமில்லாமல் பதினைந்தாம் நிமிடம் சத்தத்தைக் கூட்டினீர்கள். வேகம் தீர்ந்துபோன இடத்தில் சத்தத்தைக் கூட்டுவது நம் திருவிழாச் செட்டுகள் பலவற்றுக்கும் உள்ள நோய். நீங்களாவது அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

7. அடியை எடுக்கும்போது அதை அடித்த ஆட்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் பறையைச் சேர்த்துச் சொல்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை என்கிற வரிசையில் பறையும் ஒன்று. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தோற்கருவிகளாக ஒரு நீண்ட பட்டியலே கொடுத்திருக்கிறார். அவ்வளவு உயரத்தில் இருந்த கருவி பிற்காலத்தில் ஒரு கூட்டத்து மக்களின் கழுத்தில் சுமையாக மாட்டப்பட்டது. சாவுக்கு அடி, தண்டோராவுக்கு அடி, கூப்பிட்டால் வா, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று ஆனது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் விடியக்காலையிலிருந்து அடித்தோம். பந்தி எல்லாம் முடிந்தபிறகு தெருவோரத்தில் எங்களுக்கு இலை போட்டார்கள். என் அப்பாவின் பேர் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. "ஏ கொட்டு" என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் அடித்த சப்பரத்து அடியை இன்றைக்கு நீங்கள் மேடையில் அடிக்கிறீர்கள், கைதட்டுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த இலையையும் மறக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இந்த வலி நமக்கு மட்டும் உள்ளதில்லை. 1739ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் கொட்டு முழக்கிக்கொண்டு கிளர்ந்தார்கள். மறுவருஷமே, 1740ல், அவர்கள் கொட்டு வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டார்கள். நம் தம்பி ஏறி உட்கார்ந்து அடிக்கிற கஹோன் பெரு நாட்டில் பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், கொட்டு கையில் இல்லாதபோது, சரக்கு ஏற்றுகிற பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தட்டினார்கள். அந்தப் பெட்டிதான் இது. பறையும் பெட்டியும் உங்கள் செட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கதை. இதைத் தெரிந்துகொண்டு அடித்தால் கை வேறு மாதிரி விழும். விழுந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

பறையைத் தூக்கி எறிந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. இனி சாவுக்கு அடிக்க மாட்டோம், எங்கள் பிள்ளை படிக்கட்டும் என்று கருவியைத் தீயில் போட்டவர்களும் உண்டு. கலையைக் கைவிட்டார்களே என்று அவர்களை ஒரு வார்த்தை பேசிவிடாதீர்கள். கட்டாயத்துக்கு அடிக்க மறுத்தது அவர்களுடைய மானம். பறையை விடாமல் பிடித்து, அதே மானத்தோடு மேடையேற்றியவர்களும் இருக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் பறையை எடுத்து வாசலில் வைத்துப் பொட்டு வைத்தேன்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். எந்த அடியை யாரிடம் கற்றீர்களோ அவர் பேரையும் ஊரையும் மேடையில் சொல்லுங்கள். சாமிச்சாட்டு அடி, மருள் அடி என்று அடிக்கு உரிய பேரோடு சொல்லுங்கள். 'ஃபோக் பீட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். போகிற இடத்தில் ஒன்பது பேரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். எங்கேயாவது இரண்டு பேருக்கு மட்டும் தனி இலை என்று யாராவது சொன்னால், எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பேசின சம்பளம் போனால் போகட்டும்.

8. தங்கச்சிகள் இரண்டு பேரையும் ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

கஞ்சிராவும் ஒரு பறையும் அவர்கள் கையில் இருக்கின்றன. படம் எடுக்கும்போது மட்டும் நடுவில் நிறுத்துகிறீர்கள், அடிக்கும்போது ஓரம். சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்க வந்தபோது, பெண்ணோடு வாசிக்க மாட்டோம் என்று சொன்ன மிருதங்கக்காரர்கள் இருந்தார்கள். அவர் ஆறேழு கடத்தைச் சுருதிவாரியாக அடுக்கி கட தரங்கம் என்று ஒரு புது வகையையே கொண்டுவந்தார். பெண்கள் மட்டுமே வாசிக்கிற குழுவையும் நடத்தினார். பக்கத்தில் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியபடி அடிப்பதைப் பாருங்கள். ஒத்திகையை இருட்டுவதற்கு முன் முடித்து, அந்தப் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுவிடுவதும் செட்டின் வேலைதான்.

9. குடித்துவிட்டுக் கருவியைத் தொடாதீர்கள்.

நம் ஊர்ச் சோணைக் கருப்பணசாமிக்கு ஆடியில் பாட்டில் பாட்டிலாகப் படைப்பார்கள். அது நேர்த்திக்கடன், சாமிக்குரியது. அதைச் சாக்கு வைத்துக் கொட்டுக்காரனுக்கு ஊற்றிக் கொடுப்பது வேறு. என் தலைமுறையில் பேசின கூலியைக் கொடுக்காமல் பாதியைப் பாட்டிலாகக் கொடுத்துக் கணக்கை முடித்த இடங்கள் எத்தனையோ. மறுநாள் காலையில் வீட்டுக்கு அரிசி வாங்கக் காசு இருக்காது. என்னோடு உறுமி அடித்த இரண்டு பேர் ஐம்பதைத் தாண்டவில்லை. அவர்கள் கைமாதிரி ஒரு கை இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் வரவில்லை. குடி உள்ளே போனதும் முதலில் மங்குவது காதுதான். தான் பிரமாதமாக அடிப்பதாகத் தோன்றும். பக்கத்துக் கொட்டு கேட்காது.

10. காதையும் கையையும் காப்பாற்றுங்கள்.

எனக்கு இடது காதில் பதினைந்து வருஷமாக ஒரு சீவண்டு கத்திக்கொண்டே இருக்கிறது. ராத்திரி தூங்க விடாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் தாங்குகிற நேரம் பாதி பாதியாகக் குறையும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 100க்குக் கால் மணி நேரம். பறையும் செண்டையும் பக்கத்தில் நின்றால் நூறைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மெடிக்கல் கடையில் காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், போதாது.

கையால் அடிக்கிறவர்கள் மோதிரம், கயிறு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முதல் பத்து நிமிடம் மெல்ல. விரல் வெடித்தால் அன்றைக்கு ஓய்வு. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பழக்கமில்லாத கை மணிக்கணக்கில் ஜெம்பேயோ காங்கோவோ அடித்தால் உள்ளங்கையில் இரத்த அணுக்கள் நசுங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதுண்டு. டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிற விஷயம் இது. அப்படிப் போனால் மறைக்காமல் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

11. வெளியூர்க் கருவியை அந்த ஊர்க்காரர் மாதிரிக் கற்றபிறகு கலக்குங்கள்.

விக்கு விநாயக்ராம் கடத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். எழுபதுகளில் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு 'சக்தி' என்கிற இசைக்குழுவில் சேர்ந்தார். 1991ல் மிக்கி ஹார்ட் கொண்டுவந்த 'பிளானட் டிரம்' தொகுப்பில் நைஜீரியாவின் ஒலாதுஞ்சி, போர்ட்டோரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ, பிரேசிலின் ஏர்தோ மொரேரா, ஜாகிர் எல்லோரோடும் வாசித்தார். உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமி கொடுக்க ஆரம்பித்த முதல் வருஷத்தில், 1992ல், அந்தத் தொகுப்புக்குத்தான் விருது. அத்தனை நாட்டுக் கொட்டுகளுக்கு நடுவிலும் அவர் கடம் கடமாகவே இருந்தது. காங்கோ மாதிரி ஆக்கிக்கொள்ளவில்லை. காரணம், அவர் தன் அப்பா ஹரிஹர சர்மாவிடம் அடிமண் வரைக்கும் கற்றிருந்தார். அவர் மகன் செல்வகணேஷ் 2024ல் சக்தி குழுவோடு கிராமி வாங்கியது ஒரு சாண் அகலக் கஞ்சிராவை வைத்துக்கொண்டு.

ஜெம்பேயில் நம் நடையை வாசிக்கலாம். அதற்கு முன் அந்த ஊரின் மூன்று ஒலி, அதாவது நடு முகத்து அடித்தொனி, ஓரத்துத் திறந்த ஒலி, சுளீரென்ற அறை, மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். இளைய தம்பி, உனக்கு இரண்டாவதும் மூன்றாவதும் இன்னும் ஒன்றாகத்தான் கேட்கிறது. நம் கருவிக்கும் அவர்கள் கருவிக்கும் உறவு உண்டு என்பதையும் பாருங்கள். நைஜீரியாவின் பேசும் மேளத்துக்கு இடை சிறுத்திருக்கும். கயிற்றை அமுக்கினால் சுருதி ஏறி இறங்கும். கோடாங்கி கையில் இருக்கிற நம் உடுக்கையும் அப்படித்தானே? நம் உறுமியும் கடல் தாண்டியது. மலேசியாவில் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கிற இளவட்டங்களைப் பார்த்தால், தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள் எதை விடாமல் எடுத்துப் போனார்கள் என்று தெரியும்.

12. கருவி வாங்குகிறபோது தோல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டுத் தோலில் நன்றாகவே வாசிக்கலாம்.

13. பணத்தை எழுதி வையுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, வண்டி யார் செலவு, எத்தனை மணி நேரம், சாப்பாடு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வந்ததை ஒன்பது பங்காக ஒரே அளவில் பிரியுங்கள். வேகமாக அடிக்கிறவருக்குக் கூட, ஒத்தையடி பிடிக்கிறவருக்குக் குறைச்சல் என்று பிரித்தால் செட்டு ஒரு வருஷம் தாண்டாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பெயரைப் பதிந்து அட்டை வாங்கிவிடுங்கள். நான் பதியாமல் விட்டு வருஷங்களை இழந்தேன்.

14. ஒருத்தர் வரவில்லை என்றால் அன்றைக்கு அவர் அடியை யாரும் எடுத்து அடிக்காதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டே ஒரு மணி நேரம் அடியுங்கள். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் மற்ற எட்டுப் பேருக்கும் கேட்கும்.

இவ்வளவுதான் பிள்ளைகளே. வருகிற ஆடி முதல் சனிக்கிழமை விடியக்காலை ஐந்து மணிக்கு வைக்கோல் கட்டோடு நதிக்கரையில் இருப்பேன். சாரல் இருந்தாலும் இருப்பேன். ஒன்பது பேரும் வாருங்கள். கருவியை உறையிலிருந்து எடுத்ததும் அடிக்காமல் வாருங்கள்.